உர மூட்டையில் ஒரு வேதியியல் பாடம்

நாட்டின் வேளாண் வளர்ச்சியைப் பற்றிய எந்த அறிக்கையை எடுத்துக்கொண்டாலும் உரத்தைப் பற்றிய புள்ளிவிவரங்கள் அதில் தவறாமல் இடம்பெறுகின்றன. இத்தனை லட்சம் டன் உற்பத்தி, இத்தனை லட்சம் டன் இறக்குமதி, ஹெக்டேருக்கு இத்தனை கிலோ பயன்பாடு, இத்தனை கோடி ரூபாய் மானியம் என்று அவை நீள்கின்றன. இவ்வெண்களைக் கூட்டவும் கழிக்கவும் ஒப்பிடவும் பொருளியல் கற்றவர்களுக்குத் தெரியும். ஆனால், அவை எந்தப் பொருளின் எடையைக் குறிக்கின்றன என்ற வினா எழும்போது பலரும் தயங்குகின்றனர். யூரியாவின் எடையா, அதிலுள்ள தழைச்சத்தின் எடையா? பாஸ்பரசின் எடையா, பாஸ்பரஸ் பென்டாக்சைடின் எடையா? இவ்வினாவுக்கு விடை பொருளியலில் இல்லை. பள்ளி இறுதி வகுப்பு வேதியியலில் இருக்கிறது.

அணு எடை, மோல், சமன்பாடு, அடர்வு ஆகிய அடிப்படைக் கருத்துகளை உரத்தைக் கொண்டே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். மாணவர்களுக்கு இது பாடத்திற்குத் துணையாகும். வேளாண்மை, கூட்டுறவு, திட்டம் ஆகிய துறைகளில் பணியாற்றும் அலுவலர்களுக்கு, கோப்பில் வரும் எண்ணைச் சரிபார்க்கும் கருவியாகும். பெருக்கலும் வகுத்தலும் தவிர வேறு கணிதம் இதற்குத் தேவையில்லை.

எண்ணிக்கையும் எடையும்

நெல் ரகங்களை ஆராய்வோர் ‘ஆயிரம் மணி எடை’ என்றோர் அளவைக் கையாளுகின்றனர். ஆயிரம் மணிகள் 20 கிராம் எடையுள்ள ரகமாயின், ஒரு கிலோ நெல்லில் 50,000 மணிகள் இருக்கும். ஆயிரம் மணிகள் 25 கிராம் எடையுள்ள ரகமாயின், 40,000 மணிகள் இருக்கும். எவரும் மணிகளை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. எடையைக் கொண்டே எண்ணிக்கையை அறிகின்றனர். வேதியியல் கணக்குகள் அனைத்தும் இந்த ஒரு முறையைத்தான் பின்பற்றுகின்றன. வேதிவினையில் பொருள்கள் எடைக்கு எடையாகச் சேர்வதில்லை; அணுவுக்கு அணுவாக, மூலக்கூறுக்கு மூலக்கூறாகச் சேர்கின்றன. நம்மிடம் இருப்பதோ தராசு மட்டுமே. எடையை எண்ணிக்கையாகவும் எண்ணிக்கையை எடையாகவும் மாற்ற ஒரு வழி வேண்டும்.

அவ்வழியைத் தருபவை அணு எடைகள். முழு எண்ணுக்கு அருகில் கொண்டால் ஹைட்ரஜன் 1, கார்பன் 12, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 16, பாஸ்பரஸ் 31, கந்தகம் 32, பொட்டாசியம் 39, கால்சியம் 40; குளோரின் மட்டும் 35.5. இவை ஒப்பீட்டு எண்கள். 12 கிராம் கார்பனில் எத்தனை அணுக்கள் உள்ளனவோ, அத்தனை அணுக்களே 14 கிராம் நைட்ரஜனிலும் 31 கிராம் பாஸ்பரசிலும் உள்ளன. அந்த எண்ணிக்கை கொண்ட பொருளளவுக்கு ஒரு ‘மோல்’ என்று பெயர். எண்ணிக்கையோ, ஏறத்தாழ 6-க்குப் பின் 23 சுழிகள் இட்ட எண். இது அவகாட்ரோ எண் எனப்படுகிறது. முன்பு கார்பன்-12 அணுவின் எடையைக் கொண்டு மோல் வரையறுக்கப்பட்டது. 2019 மே 20 முதல் அவகாட்ரோ எண்ணே நிலையான எண்ணாக வரையறுக்கப்பட்டுள்ளது. நடைமுறைக் கணக்குகளில் இதனால் மாற்றம் ஏதுமில்லை.

மூலக்கூறு எடை என்பது அதிலுள்ள அணுக்களின் எடைகளைக் கூட்டிய தொகை. அதனைக் கிராமில் எழுதினால் அப்பொருளின் ஒரு மோல் எடை கிடைக்கும். கிலோவில் எழுதினாலும் டன்னில் எழுதினாலும் விகிதம் மாறுவதில்லை. ஆகவே, சோதனைச் சாலையில் கிராமில் போடும் கணக்கை ஆலையில் டன்னில் போடலாம்.

46 என்னும் எண்

யூரியாவின் ஒரு மூலக்கூறில் ஒரு கார்பன், ஓர் ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. அதன் மூலக்கூறு எடை வருமாறு:

கார்பன் 12 + ஆக்சிஜன் 16 + நைட்ரஜன் 28 + ஹைட்ரஜன் 4 = 60

இதில் நைட்ரஜனின் பங்கு 60-இல் 28, அதாவது 46.67 விழுக்காடு. ஆயின், மூட்டையின் மீது 46 என்றே அச்சிடப்பட்டிருக்கிறது. எஞ்சிய 0.67 எங்கே போயிற்று? தூய யூரியா ஆலையில் கிடைப்பதில்லை. 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை யூரியாவில் ஈரப்பதம் 1 விழுக்காட்டுக்கும், பையூரட் என்னும் பொருள் 1.5 விழுக்காட்டுக்கும் மேற்படலாகாது என்று விதிக்கிறது. யூரியாவை உருக்கிக் குருணையாக்கும்போது இரண்டு யூரியா மூலக்கூறுகள் ஓர் அம்மோனியாவை இழந்து இணைவதால் பையூரட் உண்டாகிறது. இது மிகுந்தால் பயிரின் இலை கருகும். இவ்விரு உச்ச வரம்புகளையும் தொட்டுவிட்ட ஒரு மூட்டையை எடுத்துக்கொள்வோம். அதில் யூரியா 97.5 விழுக்காடு, அது தரும் நைட்ரஜன் 45.5. பையூரட்டிலும் 103-க்கு 42 பங்கு நைட்ரஜன் இருப்பதால் அது தருவது 0.61. மொத்தம் 46.11. ஆகவே, விதிகளுக்கு உட்பட்ட மூட்டை 46-க்குக் கீழே இறங்குவதில்லை. மூட்டையின் மேலுள்ள எண் வேதியியல் உறுதிசெய்யக்கூடிய ஒரு வாக்குறுதியாகும். சோதனையில் 44 வந்தால், அதனைத் தயாரிப்பின் இயல்பான ஏற்றத்தாழ்வு என்று தள்ளிவிட இயலாது.

இதே கணக்கு நம் உரத்தொழிலின் வரலாற்றையும் விளக்குகிறது. 1951-இல் உற்பத்தியைத் தொடங்கி, 1952 மார்ச் 2-இல் பிரதமர் நேரு திறந்து வைத்த சிந்திரி ஆலை அம்மோனியம் சல்பேட்டையே தயாரித்தது. அதன் மூலக்கூறு எடை 132, அதில் நைட்ரஜன் 28, அதாவது 21.2 விழுக்காடு. ஒரு டன் நைட்ரஜனை உழவரிடம் சேர்க்க 4.7 டன் அம்மோனியம் சல்பேட்டை இரயிலில் ஏற்ற வேண்டும். யூரியாவாயின் 2.14 டன் போதும். சரக்குக் கட்டணம், கிடங்கு இடம், சாக்கு ஆகிய அனைத்தும் பாதிக்கும் கீழே குறைகின்றன. யூரியா ஏனைய தழைச்சத்து உரங்களைப் பின்தள்ளி முன்னேறியதற்கு இது முக்கியமான காரணமாகும். அதே வேளையில், அம்மோனியம் சல்பேட்டில் இருந்த 24 விழுக்காடு கந்தகம் இம்மாற்றத்தால் வயலுக்கு வராமல் நின்றது என்பதும் கருதத்தக்கது.

மூட்டையில் இல்லாத பொருள்கள்

தழைச்சத்தைத் தனிமமாகிய நைட்ரஜனின் எடையாகவே கணக்கிடுகிறோம். மணிச்சத்துக்கும் சாம்பல்சத்துக்கும் வழக்கம் வேறு. மணிச்சத்து பாஸ்பரஸ் பென்டாக்சைடாகவும், சாம்பல்சத்து பொட்டாசியம் ஆக்சைடாகவும் கணக்கிடப்படுகின்றன. உண்மையில் இவ்விரு ஆக்சைடுகளும் எந்த உர மூட்டையிலும் இல்லை. பொட்டாஷ் மூட்டையில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. கனிமங்களையும் தாவரச் சாம்பலையும் பகுத்தாய்ந்த முற்கால வேதியியலார், கண்ட தனிமங்களை ஆக்சைடு வடிவில் அறிவித்த வழக்கம் வணிகத்தில் நிலைத்துவிட்டது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் தனிமக் கணக்கைக் கையாளுகின்றன. நமது நாட்டில் ஆக்சைடுக் கணக்கே நடைமுறையில் உள்ளது.

மாற்று விகிதங்கள் இரண்டையும் மாணவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அணு எடைகளிலிருந்து அவ்வப்போது வருவித்துக்கொள்ளலாம்.

பாஸ்பரஸ் பென்டாக்சைடு: இரண்டு பாஸ்பரஸ் 62 + ஐந்து ஆக்சிஜன் 80 = 142. பாஸ்பரசின் பங்கு 62/142 = 0.437.

பொட்டாசியம் ஆக்சைடு: இரண்டு பொட்டாசியம் 78 + ஓர் ஆக்சிஜன் 16 = 94. பொட்டாசியத்தின் பங்கு 78/94 = 0.83.

டி.ஏ.பி. மூட்டையின் மேல் 18-46-0 என்று இருந்தால், அதில் உண்மையான பாஸ்பரஸ் 46 விழுக்காடு அன்று, 20.1 விழுக்காடே. 60 விழுக்காட்டுப் பொட்டாஷில் பொட்டாசியம் 49.8 விழுக்காடு. அலுவலகங்களில் பேசப்படும் 4:2:1 என்னும் சத்து விகிதத்தைத் தனிமக் கணக்கில் எழுதினால் 4 : 0.87 : 0.83 ஆகிவிடும். அயல்நாட்டு ஆய்வறிக்கையிலிருந்து ஓர் விகிதத்தை எடுத்து நம் விகிதத்தோடு ஒப்பிடுவோர் முதலில் இதனைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும்.

இது வெறும் ஏட்டளவிலான நுணுக்கம் அன்று. ஒரு பயிர் ஹெக்டேருக்கு 20 கிலோ பாஸ்பரசை மண்ணிலிருந்து எடுக்கிறது என்று ஓர் ஆய்வு தனிமக் கணக்கில் கூறுவதாகக் கொள்வோம். அதனை ஈடுசெய்ய 20/0.437, அதாவது 45.8 கிலோ ஆக்சைடுக்குச் சமமான உரம் தேவை. டி.ஏ.பி.யாயின் ஏறக்குறைய 100 கிலோ. அந்த 20-ஐ ஆக்சைடு என்று தவறாகப் படித்தால் 43.5 கிலோ டி.ஏ.பி. போதும் என்று விடை வரும். மண்ணுக்குப் பாதிக்கும் குறைவாகவே போய்ச் சேரும்.

மானியக் கணக்கிலும் இதே நிலைதான். 2010 ஏப்ரல் 1 முதல் யூரியா நீங்கலான உரங்களுக்குச் சத்து அடிப்படையிலான மானியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இதன்படி மூட்டைக்கு அன்றி, ஒரு கிலோ சத்துக்கு இவ்வளவு என்று தொகை அறிவிக்கப்படுகிறது. கணக்கின் பொருட்டுத் தழைச்சத்துக்குக் கிலோவுக்கு 40 ரூபாய், மணிச்சத்துக்கு 30 ரூபாய் என்று கொள்வோம். ஒரு டன் டி.ஏ.பி.க்கு உரிய தொகை வருமாறு:

180 × 40 = 7,200 ரூபாய்
460 × 30 = 13,800 ரூபாய்
மொத்தம் 21,000 ரூபாய்

மணிச்சத்து என்பதைத் தனிமப் பாஸ்பரஸ் என்று கொண்டால், இரண்டாவது வரி 201 × 30 = 6,030 ரூபாய் ஆகிவிடும். டன்னுக்கு 7,770 ரூபாய் வேறுபாடு; ஒரு லட்சம் டன்னுக்கு 77 கோடியே 70 லட்சம் ரூபாய். வேதியியலில் ஒரு சொல் தவறினால் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தலைப்பே தவறிவிடும்.

சிபாரிசிலிருந்து மூட்டைக்கு

மாவட்ட அலுவலருக்கு அன்றாடம் வரும் கணக்கு ஒன்று உண்டு. ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து, 60 கிலோ மணிச்சத்து, 40 கிலோ சாம்பல்சத்து என்பது சிபாரிசு. கையிருப்பு டி.ஏ.பி., யூரியா, பொட்டாஷ். இதில் முதலில் மணிச்சத்தைக் கணக்கிட வேண்டும். ஏனெனில், அதனைத் தரும் டி.ஏ.பி. தழைச்சத்தையும் உடன் கொண்டுவருகிறது.

டி.ஏ.பி.: 60/0.46 = 130 கிலோ. இது தரும் தழைச்சத்து 23.5 கிலோ.
யூரியா: எஞ்சிய தழைச்சத்து 96.5 கிலோ, 96.5/0.46 = 210 கிலோ.
பொட்டாஷ்: 40/0.60 = 67 கிலோ.

டி.ஏ.பி.யில் உள்ள தழைச்சத்தைக் கழிக்க மறந்தால் யூரியா 261 கிலோ ஆகிவிடும். ஹெக்டேருக்கு 51 கிலோ மிகை. 2018 முதல் வழக்கிலுள்ள 45 கிலோ மூட்டையில் ஒன்றுக்கும் மேல். ஒரு வட்டாரத்தில் 10,000 ஹெக்டேர் என்றால் 510 டன் யூரியா வீண். அதற்கான மானியமும் வீண்.

ஆலையின் பற்று வரவு

வேதிச் சமன்பாடு பேரேட்டைப் போன்றது. இடப்புறம் எத்தனை அணுக்கள் பற்று எழுதப்படுகின்றனவோ, வலப்புறம் அத்தனையும் வரவாக வேண்டும். அணுக்கள் புதிதாகத் தோன்றுவதும் இல்லை, மறைவதும் இல்லை. யூரியாத் தயாரிப்பை இரண்டு வரிகளில் எழுதலாம்:

1 நைட்ரஜன் மூலக்கூறு + 3 ஹைட்ரஜன் மூலக்கூறுகள் → 2 அம்மோனியா (28 + 6 = 34)
2 அம்மோனியா + 1 கரியமில வாயு → 1 யூரியா + 1 நீர் (34 + 44 = 60 + 18)

இதனை டன்னுக்கு மாற்ற 60-ஆல் வகுத்தால் போதும். ஒரு டன் யூரியாவுக்கு 567 கிலோ அம்மோனியாவும் 733 கிலோ கரியமில வாயுவும் தேவை. 300 கிலோ நீர் உடன்விளைகிறது. அந்த அம்மோனியாவில் ஹைட்ரஜன் சரியாக 100 கிலோ. நைட்ரஜன் காற்றிலிருந்து விலையின்றிக் கிடைக்கிறது. ஹைட்ரஜனைத்தான் விலை கொடுத்துப் பெற வேண்டும். உரச் செலவின் வேர் இந்த 100 கிலோவில் இருக்கிறது.

நம் நாட்டு யூரியா ஆலைகள் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பெறுகின்றன. எரிவாயுவின் முக்கியப் பகுதியான மீத்தேன் நீராவியுடன் சேர்ந்து முழுமையாக வினைபுரிவதாகக் கொண்டால்:

1 மீத்தேன் + 2 நீர் → 1 கரியமில வாயு + 4 ஹைட்ரஜன் மூலக்கூறுகள் (16 + 36 = 44 + 8)

100 கிலோ ஹைட்ரஜனுக்கு 200 கிலோ மீத்தேன் தேவை. ஒரு கிலோ மீத்தேனின் வெப்ப மதிப்பு ஏறக்குறைய 12,000 கிலோ கலோரி. ஆகவே, சமன்பாடு கேட்கும் மூலப்பொருள் டன் யூரியாவுக்கு 2.4 கிகா கலோரி. 2015ஆம் ஆண்டின் யூரியாக் கொள்கை ஆலைகளுக்கு விதித்த எரிசக்தி இலக்குகளோ அவற்றின் வகைக்கேற்ப 5.5 முதல் 6.5 கிகா கலோரி வரை. இடைவெளி, வினைக்கு வேண்டிய வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் நீராவிக்கும் மின்சாரத்துக்கும் செலவாவது. சமன்பாடு தருவது எந்தப் பொறியியலாலும் தாண்ட இயலாத தரைமட்டம். அதற்கு மேலுள்ளதைத்தான் திறமையால் குறைக்க முடியும். ஆலைகளின் திறனை மதிப்பிடுவோர் இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

மேற்கண்ட சமன்பாடு இன்னொன்றையும் காட்டுகிறது. 200 கிலோ மீத்தேன் தரும் கரியமில வாயு 550 கிலோ. தேவையோ 733 கிலோ. ஹைட்ரஜன் போதிய அளவு இருந்தும் கரியமில வாயு போதாமையால் உற்பத்தி நின்றுவிடும். இவ்வாறு முதலில் தீர்ந்துபோய் வினையை நிறுத்தும் பொருளைக் கட்டுப்படுத்தும் வினைபடுபொருள் என்பர். நடைமுறையில், நைட்ரஜனுக்காகச் செலுத்தப்படும் காற்றின் ஆக்சிஜன் ஒரு பகுதி எரிவாயுவை எரிப்பதால் இப்பற்றாக்குறை குறைகிறது; ஆயினும் முற்றிலும் நீங்குவதில்லை. ஆகவேதான் சில ஆலைகள் தம் உலைகளின் புகைவாயுவிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்துகின்றன. நாப்தாவில் ஒரு கார்பனுக்கு ஏறக்குறைய இரண்டு ஹைட்ரஜன் அணுக்களே இருப்பதால் அதைப் பயன்படுத்திய ஆலைகளுக்கு இத்தொல்லை இருந்ததில்லை. மணலி ஆலை 2019-இலும், தூத்துக்குடி ஆலை 2021-இலும் நாப்தாவிலிருந்து எரிவாயுவுக்கு மாறியபோது, எரிபொருளின் விலையோடு கார்பன் கணக்கும் மாறியது.

2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தைப் பற்றிச் சிந்திப்போருக்கும் இக்கணக்கு பயன்படும். நீரை மின்சாரத்தால் பகுத்து 100 கிலோ ஹைட்ரஜன் பெற 900 கிலோ நீர் தேவை. 800 கிலோ ஆக்சிஜன் உடன் கிடைக்கும். இதிலிருந்து அம்மோனியா தயாரிக்கலாம். ஆனால், நீரில் கார்பன் இல்லை. ஆகவே, பசுமை ஹைட்ரஜனை மட்டும் கொண்டு யூரியா தயாரிக்க இயலாது. 733 கிலோ கரியமில வாயு வேறிடத்திலிருந்து வந்தாக வேண்டும். மேலும், யூரியா மண்ணில் நீருடன் சேர்ந்து அம்மோனியாவாக மாறும்போது அந்த 733 கிலோவும் காற்றுக்கே திரும்புகிறது. டி.ஏ.பி., அம்மோனியம் சல்பேட் போன்றவற்றில் கார்பன் இல்லாமையால் பசுமை அம்மோனியா முதலில் அவ்வுரங்களுக்குப் பொருந்தும் என்பது இதனால் பெறப்படும்.

நீரில் கரைந்த கணக்கு

கரைசலில் எவ்வளவு பொருள் கரைந்துள்ளது என்பதை அடர்வு குறிக்கிறது. பயறு வகைகளுக்குப் பூக்கும் பருவத்தில் தெளிக்கப்படும் 2 விழுக்காட்டு டி.ஏ.பி. கரைசலில் ஒரு லிட்டருக்கு 20 கிராம் உரம் இருக்கும். வேதியியலார் இதனை லிட்டருக்கு இத்தனை மோல் என்றும் கூறுவர். லிட்டருக்கு 60 கிராம் யூரியா கரைந்திருந்தால் அது ஒரு மோலார் கரைசல்.

குடிநீர் அறிக்கைகளில் அடர்வு லிட்டருக்கு மில்லிகிராம் என்னும் அளவில் வருகிறது. நைட்ரேட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் வகுத்துள்ள வரம்பு 45 மில்லிகிராம். அமெரிக்க நூல்களிலோ 10 மில்லிகிராம் என்று காணப்படும். அங்கு விதி நான்கு மடங்கு கடுமையானது என்று எண்ணிவிடலாகாது. அவர்கள் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் அளக்கின்றனர். நைட்ரேட்டின் எடை 14 + 48 = 62; அதில் நைட்ரஜன் 14. ஆகவே, 45 மில்லிகிராம் நைட்ரேட் என்பது 10.2 மில்லிகிராம் நைட்ரஜன். இரு வரம்புகளும் ஏறக்குறைய ஒன்றே.

கிணற்று நீருக்கும் உர மூட்டைக்கும் உள்ள தொடர்பை இவ்விகிதம் புலப்படுத்தும். 45 கிலோ யூரியா மூட்டையில் 20.7 கிலோ நைட்ரஜன் உள்ளது. அதில் பத்தில் ஒரு பங்கு பயிருக்குப் பயன்படாமல் நைட்ரேட்டாக மாறி நிலத்தடிக்கு இறங்குவதாகக் கொள்வோம். 2.07 கிலோ நைட்ரஜன் 9.17 கிலோ நைட்ரேட் ஆகும். லிட்டருக்கு 45 மில்லிகிராம் வீதம், நைட்ரேட்டே இல்லாத 2 லட்சம் லிட்டர் நீரை வரம்பு வரை கொண்டுவர இது போதும். கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலை மிகை நைட்ரேட் குறைக்கிறது என்பதால்தான் இவ்வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. வீணாகும் யூரியா மானிய இழப்போடு நின்றுவிடுவதில்லை.

விலையும் சத்தும்

உரங்களை மூட்டைக்கு மூட்டை ஒப்பிடுதல் தவறு. சத்துக்குச் சத்து ஒப்பிடுதல் வேண்டும். கந்தகம் பூசிய யூரியாவின் விலை 40 கிலோ மூட்டைக்கு 266 ரூபாய் 50 காசு என்று 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. வேம்பு பூசிய யூரியாவின் 45 கிலோ மூட்டைக்கும் அப்போது அதே விலை. முன்னதில் தழைச்சத்து 37 விழுக்காடு, மூட்டைக்கு 14.8 கிலோ, கிலோ 18 ரூபாய். பின்னதில் 20.7 கிலோ, கிலோ 12 ரூபாய் 87 காசு. இந்த வேறுபாட்டுக்கு ஈடாக உழவர் பெறுவது 17 விழுக்காடு, அதாவது 6.8 கிலோ கந்தகமும், சத்து மெதுவாக வெளிப்படும் பயனும் ஆகும். கந்தகம் குறைந்த மண்ணுக்கு அது இலாபம்; குறையாத மண்ணில் அதே அளவு பயன் இராது. முடிவை மண் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

2021-இல் அறிமுகமான நானோ யூரியாவைப் பற்றியும் வேதியியல் ஒரு வார்த்தை கூறும். அதில் நைட்ரஜன் 4 விழுக்காடு. 500 மில்லிலிட்டர் புட்டியில் இருப்பது 20 கிராம். மூட்டையில் இருப்பது 20,700 கிராம். அடர்வை ஐந்து மடங்கு உயர்த்தினாலும் 100 கிராமே ஆகும். புட்டி ஒன்று மூட்டை ஒன்றுக்கு ஈடு என்னும் கூற்றை எடைக்கணக்கு ஆதரிக்கவில்லை. இலை வழியே தெளிக்கும் சத்து மண்ணில் இடுவதைக் காட்டிலும் குறைந்த இழப்புடன் பயிரைச் சேரலாம். எனினும், இல்லாத அணுக்களை எந்தத் திறனும் உண்டாக்க இயலாது. ஹெக்டேருக்கு 4 டன் கோதுமை விளைந்து, மணியில் 11 விழுக்காடு புரதம் இருப்பின், புரதம் 440 கிலோ. புரதத்தில் ஏறக்குறைய 16 விழுக்காடு நைட்ரஜன். ஆக 70 கிலோ நைட்ரஜன் மணியோடு வயலைவிட்டு வெளியேறுகிறது. அது உரத்திலிருந்து வராவிடில் மண்ணின் இருப்பிலிருந்தே வந்திருக்கும். ஓரிரு பருவங்களில் விளைச்சல் குறையாமை, இருப்பு குறையவில்லை என்பதற்குச் சான்றாகாது. ஆகவே, இத்தகைய புதுமைகளைப் பல்லாண்டு வயல் சோதனைகளாலும் மண் பகுப்பாய்வினாலும் மதிப்பிடுதலே முறை.

பயிற்சிக் கணக்குகள்

1. அம்மோனியம் குளோரைடில் ஒரு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன், ஒரு குளோரின் உள்ளன. தழைச்சத்து எத்தனை விழுக்காடு?

2. பொட்டாசியம் சல்பேட்டில் இரண்டு பொட்டாசியம், ஒரு கந்தகம், நான்கு ஆக்சிஜன் உள்ளன. சாம்பல்சத்து ஆக்சைடுக் கணக்கில் எவ்வளவு?

3. பத்து லிட்டர் தெளிப்பானில் 2 விழுக்காட்டு டி.ஏ.பி. கரைசல் உள்ளது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் எத்தனை கிராம்?

4. ஒரு கிணற்று நீரின் அறிக்கையில் ‘நைட்ரேட் நைட்ரஜன் 12 மில்லிகிராம்’ என்று உள்ளது. 45 என்னும் வரம்புக்கு உட்பட்டது என்று அதனை ஏற்கலாமா?

விடைகள்: (1) 14/53.5, அதாவது 26.2 விழுக்காடு. (2) 94/174, அதாவது 54 விழுக்காடு. இவை தூய பொருளுக்கு உரியவை. சந்தை உரத்தில் சற்றுக் குறைந்திருக்கும். (3) உரம் 200 கிராம். தழைச்சத்து 36, மணிச்சத்து 92 கிராம். (4) ஏற்கலாகாது. 12 × 62/14 = 53 மில்லிகிராம் நைட்ரேட்; வரம்பைக் கடந்துவிட்டது.

இக்கணக்குகள் அனைத்திலும் ஊடாடி நிற்கும் வினா ஒன்றே: இந்த எடை எதன் எடை? பொருளினதா, சத்தினதா, தனிமத்தினதா, ஆக்சைடினதா? இதனைக் கேளாமல் இரு எண்களைக் கூட்டவோ ஒப்பிடவோ கூடாது. மாணவர் இதனைத் தேர்வுக்காகப் பழகுகிறார். அலுவலரோ ஒதுக்கீட்டு ஆணையில் கையொப்பமிடும் முன் இதனைக் கேட்டாக வேண்டும். ஏனெனில், அவ்வாணையின் மறுமுனையில் ஒரு வயலும் ஒரு கிணறும் இருக்கின்றன.